காப்பி டப்பாவில் வந்த டைனோசர் குஞ்சு

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ராக்கி மலைத்தொடர் சட்டென்று முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் ஷோட்டோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து நெடுஞ்சாலை 89-ல் வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் பைனம். ஊர் என்று சொல்லவே கொஞ்சம் தாராள மனசு வேண்டும். விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள், சுற்றிலும் கோதுமை வயல், மேற்கே பனி போர்த்திய மலைகள், நாள் முழுக்க ஓயாத காற்று. கண்ணிமைத்தால் ஊர் பின்னால் போய்விடும்.

ஆனால் டைனோசர்களைப் பற்றி உலகம் நினைத்துக்கொண்டிருந்ததைப் புரட்டிப்போட்ட எலும்புகள் இந்த ஊரில்தான், ஒரு காப்பி டப்பாவுக்குள் கிடந்தன.

1978-ம் ஆண்டு கோடைக்காலம். பைனத்தில் மேரியன் பிராண்ட்வோல்டு என்ற பெண்மணி கல், பாறை, புதைபடிவம் விற்கும் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். அந்தப் பக்கம் வந்த ஜாக் ஹார்னர், பாப் மகேலா என்ற இரு நண்பர்களிடம் கடையில் இருந்த எலும்பு ஒன்றைக் காட்டி, இது எந்த டைனோசருடையது என்று கேட்டார்கள். பேச்சோடு பேச்சாக, தாம் எடுத்து வைத்திருந்த சில சின்ன எலும்புத் துண்டுகளையும் மேரியன் காட்டினார். பார்த்ததும் ஹார்னருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவை ஏதோ சின்ன விலங்கின் எலும்புகள் அல்ல. பெரிய விலங்கின் குஞ்சு எலும்புகள். வாத்து அலகு டைனோசர் என்று செல்லமாக அழைக்கப்படும் வகையின் குட்டிகள்.

அதுவரை உலகில் டைனோசர் குட்டிகளின் எலும்புகள் கிடைத்தது மிக அபூர்வம். தேடியவர்கள் எல்லோரும் அருங்காட்சியக வாசலில் நிறுத்தத் தோதான பெரிய எலும்புக்கூடுகளையே தேடினார்கள் என்பதும் ஒரு காரணம்.

மேரியன் காட்டிய இடத்தில் தோண்டினார்கள். சுமார் 2 மீட்டர் அகலத்தில், கிண்ணம்போலக் குழிந்த ஒரு கூடு. அதற்குள்ளும் சுற்றிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள 15 குட்டிகள். அடுத்த ஆண்டே அந்த இனத்துக்குப் பெயர் வைத்தார்கள்: மயசோரா. கிரேக்க மொழியில் 'நல்ல தாய்ப் பல்லி' என்று பொருள். டைனோசர் பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால் விகுதியில்தான் முடியும், இது பெண்பால். பிற்பாடு, 1985-ல் மயசோராவை மொன்டானா தன் மாநிலப் புதைபடிவமாக அறிவித்தது. அதே ஆண்டு மொன்டானாக்காரரான விண்வெளி வீரர் லோரன் ஆக்டன், மயசோராவின் ஓர் எலும்புத் துண்டையும் முட்டை ஓட்டையும் சேலஞ்சர் ஓடத்தில் எடுத்துப்போய் பூமியைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்தார். விண்வெளிக்குப் போன முதல் டைனோசர் ஒரு குழந்தை டைனோசர்தான்!

ஏறினால் மூச்சு வாங்காத மலை

ஷோட்டோவுக்கு மேற்கே வரைபடத்தில் 'முட்டை மலை' என்று போட்டிருக்கும். மலையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அது ஒரு மண்மேடு. பின்னணியில் ராக்கி மலைகள் சுவர்போல நிமிர்ந்து நிற்பதால், மேடு இன்னும் குட்டையாகத் தெரியும். 1979-ல் இங்கே முட்டைகள் கிடைத்தன. ஒரு கூடு, இரண்டு கூடு என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. வேடிக்கை என்னவென்றால், அந்த முட்டைகள் ஒரு சாதுவான தாவர உண்ணியுடையவை என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். முட்டைக்குள் இருந்த கருவை நிதானமாக ஆராய்ந்த பிறகு, 1996-ல்தான் அது ட்ரூடான் என்ற ஊனுண்ணியின் கரு என்று திருத்தி எழுதினார்கள். முட்டையை மட்டும் பார்த்துத் தாயைச் சொல்வது அத்தனை சுலபமில்லை.

மேட்டில் நின்று பார்த்தால் சிவப்பும் பச்சையும் சாம்பல் நிறமுமாக மண் அடுக்குகள் தெரியும். இந்தப் பாறை அடுக்குக்கு 'டூ மெடிசின்' என்று பெயர். பிளாக்ஃபீட் பழங்குடி மக்களின் நிலத்தின் வழியே ஓடும் ஒரு நதியின் பெயர் அது. 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே மேற்கில் மலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. கிழக்கில் கடல்! வட அமெரிக்காவையே இரண்டாகப் பிளந்துகொண்டு ஓர் உள்நாட்டுக் கடல் கிடந்தது. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஆறுகள் பாயும் சமவெளி, நீண்ட வறண்ட காலம், இடையிடையே எரிமலைச் சாம்பல் மழை. வாத்து அலகு டைனோசர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இங்கே முட்டையிட்டன. ஒரு கூட்டுக்கும் அடுத்த கூட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 7 மீட்டர் இடைவெளி. அதாவது ஒரு தாய் படுத்துப் புரள்வதற்கான இடம்.

கூட்டில் இருந்த குட்டிகள் ஒரு கேள்வியையும் கூடவே கொண்டுவந்தன. ஒரு மீட்டர் வளர்ந்த பிறகும் அவை ஏன் கூட்டிலேயே இருந்தன? பற்கள் தேய்ந்திருந்ததால், தின்றுகொண்டிருந்திருக்கின்றன. அப்படியானால் யார் கொண்டுவந்து ஊட்டியது? ஹார்னர் குட்டிகளின் கால் எலும்புகளை அறுத்துப் பார்த்தார். முனைகள் இன்னும் எலும்பாக இறுகவில்லை. குருத்தெலும்பாகவே இருந்தன. எழுந்து ஓடத் தெம்பில்லாத கால்கள் என்று அவர் முடிவு கட்டினார். குருவிக்குஞ்சைப்போல வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும் குட்டிகள், வாயில் இலை தழையைக் கவ்விக்கொண்டு வரும் தாய். 'நல்ல தாய்' என்ற பெயரே அந்தச் சித்திரத்தில் பிறந்ததுதான்.

எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. 1996-ல் கெய்ஸ்ட், ஜோன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், முட்டையை விட்டு வந்த அன்றே ஓடும் பறவைகளின் கால் எலும்புகளையும், முதலைக் குட்டிகளின் எலும்புகளையும் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் கால் முனைகளும் குருத்தெலும்பாகத்தான் இருந்தன. ஆனாலும் அவை ஓடுகின்றன. கால் முனையை வைத்துத் தாய்ப்பாசத்தை அளக்க முடியாது, இடுப்பெலும்பைப் பாருங்கள் என்றார்கள். டைனோசர் குட்டிகளின் இடுப்பெலும்போ நன்றாகவே இறுகியிருந்தது. 'நல்ல தாய்' பட்டம் பறிபோகவில்லை என்றாலும், அதற்கான சாட்சிகளில் ஒன்று ஆட்டம் கண்டது.

இந்தச் சண்டையின் நடுவில் இருந்தது ஆட்டுக்கால் சூப்பில் நாம் கடித்துத் துப்பும் அதே பொருள்தான். குருத்தெலும்பு. காதுமடல், மூக்கு நுனி, மூட்டு எங்கும் இருப்பது. இறந்த உடலில் பொதுவாகச் சீக்கிரம் அழிந்துபோகும் மெல்லிய பொருள். அது எப்படி 7.5 கோடி ஆண்டுகள் தாங்கியது?

ஆறு மாதம் அடைகாத்த முட்டை

இதற்கான பதில் கிடைத்தது மயசோராவிடம் அல்ல, அதன் ஒன்றுவிட்ட உறவான ஹைபாக்ரோசாரஸிடம்.

பெயர் வாயில் நுழையச் சிரமப்படும். விலங்கு அப்படியொன்றும் விசித்திரமானது இல்லை. வளர்ந்தால் சுமார் 9 மீட்டர் நீளம், தலையில் அரைவட்டமாக ஒரு கொண்டை, உள்ளே வெற்றுக்குழல். தழை தின்னும். கூட்டமாகத் திரியும். வட மொன்டானாவிலும் எல்லைக்கு அப்பால் கனடாவின் ஆல்பர்ட்டாவிலும் இதன் முட்டைகள், கருக்கள், குஞ்சுகள் கிடைத்தன. உருண்டை முட்டை, குறுக்களவு கிட்டத்தட்ட 20 செ.மீ. இங்கே முன்பு புவியியல் ஆய்வு செய்த ஸ்டெபிங்கர் என்பவரின் நினைவாக, 1994-ல் ஹார்னரும் கனடாவின் ஃபிலிப் கரியும் இதற்கு ஹைபாக்ரோசாரஸ் ஸ்டெபிங்கெரி என்று பெயர் சூட்டினார்கள்.

கோழி 21 நாள் அடைகாக்கும் என்பது நமக்குத் தெரியும். ஹைபாக்ரோசாரஸ் முட்டை பொரிய எத்தனை நாள்? 2017-ல் கருவின் பற்களை அறுத்து, அதில் நாளுக்கொன்றாகப் படியும் வரிகளை எண்ணிப் பார்த்தார்கள், மரத்தின் வளையங்களை எண்ணுவதுபோல. விடை: கிட்டத்தட்ட ஆறு மாதம். ஆறு மாதம் ஒரே இடத்தில் கிடக்கும் முட்டை! வெள்ளம், வறட்சி, திருடன் எல்லாவற்றுக்கும் அது அகப்பட்டுக்கொண்டே இருக்கும். கூடு கட்டிய இடங்களில் இத்தனை பிஞ்சு எலும்புகள் புதைந்து கிடப்பது ஏன் என்று இதைப் படித்த பிறகு ஆச்சரியம் குறைந்துவிடுகிறது.

பிழைத்த குஞ்சுகளுக்கு ஒரே தற்காப்புதான். கொம்பில்லை, கவசமில்லை, கூர்நகமில்லை, சீக்கிரம் வளர்வது. ஹைபாக்ரோசாரஸ் 10 முதல் 12 வயதுக்குள் முழு வளர்ச்சியை எட்டிவிடும். அதைத் துரத்திய டைரனோசர் இனங்களுக்கு அதைவிட அதிகக் காலம் பிடித்தது. துரத்துகிறவனைவிட முந்தி வளர்ந்துவிட்டால் பிழைத்தாய் என்பது கணக்கு.

அந்த ஓட்டத்தில் மிகவும் சிக்கலான வேலை தலைக்குத்தான். முட்டைக்குள் இருக்கும்போது கொண்டை கிடையாது. மழமழப்பான சின்ன மண்டை. அது பெரிதாகவும் வேண்டும், வடிவமும் மாற வேண்டும், இடையில் ஒரு நாள்கூட மெல்லுவதையும் நிறுத்தக் கூடாது. வீட்டில் ஆட்கள் குடியிருக்கும்போதே மாடி எழுப்புவது மாதிரி.

அறுத்தால்தான் தெரியும்

ஷோட்டோவிலிருந்து தெற்கே, ஹெலினா வழியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டினால் போஸ்மேன் நகரம். மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த 'மியூசியம் ஆஃப் தி ராக்கீஸ்' அங்கேதான் இருக்கிறது. வாசலில் 'பிக் மைக்' என்ற வெண்கல டி-ரெக்ஸ் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். குழந்தைகள் அதன் காலடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் உள்ளே நுழைவதில்லை. உள்ளே ட்ரைசெராடாப்ஸ் மண்டையோடுகள் சின்னதிலிருந்து பெரிதுவரை இருக்கின்றன. குட்டியின் கொம்பு பின்னோக்கி வளைந்திருக்க, வளர்ந்ததன் கொம்பு முன்னோக்கி வளைந்திருப்பதை நேரிலேயே பார்க்கலாம். பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் இரண்டும் ஒரே இனம் என்று யாருக்கும் தோன்றாது.

இந்த அருங்காட்சியகத்தின் உண்மையான விசேஷம் பொதுமக்கள் பார்க்காத அறைகளில் இருக்கிறது. மற்ற இடங்களில் ஒரு டைனோசர் மண்டையோடு கிடைத்தால் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிப் பாதுகாப்பார்கள். இங்கே அறுப்பார்கள். கொஞ்சம் பதற வைக்கிற காரியம்தான். பல கோடி ஆண்டு தப்பிப் பிழைத்து வந்த ஒரு குஞ்சின் தலையை வைர ரம்பத்தில் கொடுப்பதற்கு மனசு வர வேண்டுமே! அதனால் முதலில் அளந்து, படம் எடுத்து, அச்சு வார்த்து நகல் செய்துகொள்கிறார்கள். பிறகு எலும்பை ரெசினில் முக்கி, இறுகியதும் மெல்லிய சீவலாக அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்க்கிறார்கள். அறுத்ததை மறுபடி ஒட்டவைக்க முடியாது. வெளித்தோற்றம் நகலில் பிழைத்திருக்கும். உள்ளிருப்பது ஸ்லைடில் கிடைக்கும். இந்தப் பேரத்தை ஏற்காத ஆய்வாளர்கள் இன்றும் உண்டு. ஆனால் குட்டி டைனோசர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அறுத்ததால் தெரிந்தது என்பதை மறுக்க முடியாது.

இங்கே ஹார்னரிடம் ஆய்வு செய்தவர் அலிடா பாய்யூல். ஹைபாக்ரோசாரஸ் கருக்கள், குஞ்சுகளின் மண்டையோட்டுச் சீவல்களை அவர் நுண்ணோக்கியில் பார்க்கத் தொடங்கினார். எதிர்பார்த்தது எலும்பு. கண்டது எலும்பு மட்டுமல்ல.

முதலில், 2012-ல், ஒரு குஞ்சின் தாடையில் 'இரண்டாம் நிலைக் குருத்தெலும்பு' இருப்பதை அவரும் ஹார்னரும் கனடாவின் பிரையன் ஹாலும் வெளியிட்டார்கள். சாதாரணமாகக் குருத்தெலும்பு முதலில் வரும், பிறகு எலும்பாக மாறும். இது தலைகீழ்: எலும்பு வந்த பிறகு அதன்மேல் உருவாகும் குருத்தெலும்பு. பாலூட்டிகளிலும் பறவைகளிலும் உண்டு. முதலை, பல்லி வகையறாக்களில் காணப்படுவதில்லை. டைனோசரில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டே முட்டைக்குள் இருந்த ஒரு கருவின் தாடையிலும் அதைக் கண்டார்கள்.

இதில் ஓர் அழகான சங்கதி ஒளிந்திருக்கிறது. இந்தக் குருத்தெலும்பு தானாக முளைப்பதில்லை. அசைவும் அழுத்தமும் அதை வரவழைக்கின்றன. கோழிக் கருவை முட்டைக்குள் அசையவிடாமல் மருந்து கொடுத்து முடக்கினால் அது உருவாவதே இல்லை என்பது பழைய பரிசோதனைகளில் தெரிந்த விஷயம். டைனோசரிலும் அப்படித்தான் என்றால், 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஆறு மாத இருட்டில், ஓட்டுக்குள் இருந்த அந்தக் குஞ்சு வாயை அசைத்துப் பழகியிருக்கிறது. வெளியே வந்து தழை மெல்லுவதற்கு ஒத்திகை!

2016-ல் இன்னொன்று. எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை என்று இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு திசு. செல்கள் குருத்தெலும்பின் செல்கள்போல உப்பலாக, நெருக்கமாக இருக்கும். சுற்றியுள்ள பொருளோ எலும்பின் தன்மையோடு இருக்கும். மிக வேகமாக வளர வேண்டிய இடங்களில் உடல் இதைப் போட்டு இடத்தை நிரப்பிவிட்டு, பிறகு நிதானமாக முறையான எலும்பைக் கட்டுகிறது. மான் கொம்பில் இது உண்டு. மனிதக் குழந்தையின் மண்டையோட்டிலும் உண்டு. பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது உச்சிக்குழியில் கை அழுந்தாமல் பார்த்துக்கொள் என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்த மண்டையோட்டுத் தகடுகள் ஒன்றையொன்று நோக்கி வளரும் விளிம்புகளில் நடக்கும் வேலையும் இதுதான். ஹைபாக்ரோசாரஸ் குஞ்சின் தலையும் அதே உத்தியில் வளர்ந்திருக்கிறது.

ஸ்லைடில் தெரிந்த புள்ளிகள்

பரபரப்பு வந்தது 2020-ல். இம்முறை ஸ்லைடில் இருந்தது ஒரு குஞ்சின் பின்மண்டையில், மூளைக்குப் பின்புறம் அமையும் ஓர் எலும்பு. 1988-ல் ஹார்னர் குழு மொன்டானாவின் கூட்டுத் தலம் ஒன்றில் தோண்டி எடுத்த குஞ்சுகளில் ஒன்றினுடையது. அதன் விளிம்பில் குருத்தெலும்பு அப்படியே கல்லாகியிருந்தது. செல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. சில ஜோடி ஜோடியாக, ஒன்று இரண்டாகப் பிரிந்து முடிக்கும் தறுவாயில் நின்றதுபோல. அவற்றின் நடுவே செல்லின் உட்கரு இருக்க வேண்டிய இடத்தில் கருமையாக ஏதோ. சிலவற்றில் அந்தக் கருமை நீள நீளமாக, குரோமோசோம்களைப்போல.

பாய்யூல் அந்த ஸ்லைடுகளை மேரி ஷ்வைட்சரிடம் கொண்டுபோனார். சரியான ஆளிடம்தான் போனார். இதே மொன்டானாவில் 2000-ல் கண்டெடுத்த ஒரு டி-ரெக்ஸின் தொடையெலும்பை, ஹெலிகாப்டரில் ஏற்றுவதற்காக உடைக்க வேண்டி வந்தது. அந்த உடைந்த துண்டுகளில் இருந்த தாதுப்பொருளைக் கரைத்துப் பார்த்து, உள்ளே இழுத்தால் நெகிழும் இழைகளும் குழாய்களும் இருப்பதாக 2005-ல் அறிவித்து உலகை அதிரவைத்தவர் ஷ்வைட்சர். அன்றிலிருந்து பாராட்டையும் சந்தேகத்தையும் சம அளவில் சுமப்பவர்.

இருவரும் சேர்ந்து சோதித்தார்கள். குருத்தெலும்புக்கே உரிய இரண்டாம் வகைக் கொலாஜன் என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருள், டைனோசர் மாதிரியில் ஒட்டியது. பாக்டீரியாக்கள் இந்தப் புரதத்தைச் செய்வதில்லை என்பதால் இது முக்கியம். அடுத்து, செல்களைத் தனியே பிரித்து, டிஎன்ஏவைக் கண்டால் ஒளிரும் இரண்டு சாயங்களை ஊற்றினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஈமு பறவையின் செல்கள் பக்கத்திலேயே. சில டைனோசர் செல்களுக்குள், ஈமுவில் ஒளிர்ந்ததுபோலவே ஒரு புள்ளி ஒளிர்ந்தது.

செய்தித்தாள்கள் சும்மா இருக்குமா? 'டைனோசர் டிஎன்ஏ' என்று தலைப்பு பறந்தது. ஜுராசிக் பார்க் படத்துக்கு ஆலோசகராக இருந்தவரே ஹார்னர்தான் என்பது வேறு சேர்ந்துகொண்டது. ஆனால் ஆய்வுக்கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. டிஎன்ஏவுக்குப் பொருந்திவரும் வேதி அடையாளம் என்று மட்டுமே சொன்னது. மரபு வரிசை எதையும் அவர்கள் படிக்கவில்லை, படித்ததாகவும் சொல்லவில்லை. ஒளிர்ந்த புள்ளியிலிருந்து உயிருள்ள டைனோசர் வரை போக இருக்கும் தூரம் சினிமாவில்தான் இரண்டு மணி நேரம்.

எதிர்த்தரப்பின் வாதம் லேசானதல்ல. நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவைகளின் 158 எலும்புகளை ஆராய்ந்தவர்கள், டிஎன்ஏ 521 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது என்று 2012-ல் கணக்குச் சொன்னார்கள். உறைநிலைக்குக் கீழே பத்திரமாகக் கிடந்தாலும் 68 லட்சம் ஆண்டுகளில் ஓர் இணைப்புகூட மிஞ்சாதாம். 7.5 கோடி எங்கே, 68 லட்சம் எங்கே? இதுவரை உண்மையிலேயே படிக்க முடிந்த மிகப் பழைய டிஎன்ஏ கிரீன்லாந்தின் உறைமண்ணில் கிடைத்தது. வயது சுமார் 20 லட்சம் ஆண்டு. இன்னொரு குழு, ஆல்பர்ட்டாவில் தோண்டியெடுத்த சென்ட்ரோசாரஸ் என்ற கொம்பு டைனோசரின் எலும்புகளைப் பார்த்துவிட்டு, அவற்றுக்குள் இன்றைய நுண்ணுயிர்கள் குடித்தனம் நடத்துகின்றன, ஒளிர்வது அவையாகவும் இருக்கலாம் என்று 2019-லேயே எச்சரித்திருந்தது.

பாய்யூல் தரப்பு சொல்லும் பதில், குருத்தெலும்பின் இயல்பிலேயே இருக்கிறது. எலும்புக்குள் ரத்தக்குழாய்கள் ஓடும். இறந்த பிறகு அவையே நுண்ணுயிர்கள் நுழையும் சந்து பொந்துகளாகிவிடும். குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது. அது சுண்ணமேறும்போது, விலங்கு உயிரோடு இருக்கும்போதே, ஒவ்வொரு செல்லும் தனித்தனிக் கல்லறைக்குள் அடைபட்டுவிடுகிறது. கதவில்லாத வீட்டுக்குள் திருடன் எப்படிப் போவான் என்பது வாதம். 2021-ல் சீனாவில் கிடைத்த காடிப்டெரிக்ஸ் என்ற இறகு டைனோசரின் குருத்தெலும்பிலும் உட்கருவைப் போன்ற அமைப்புகளைப் பாய்யூலும் சகாக்களும் காட்டினார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. புள்ளி ஒளிர்ந்தது உண்மை. ஒளிர்ந்தது எது என்பதுதான் கேள்வி. செல்களின் வடிவம் இவ்வளவு துல்லியமாகத் தங்கியிருப்பதே போதுமான அதிசயம் என்று தோன்றுகிறது. டிஎன்ஏ பேச்சு எழுந்ததில் அந்த அதிசயம் கொஞ்சம் ஓரத்துக்குப் போய்விட்டது.

இன்னொரு பக்கம், இந்தச் சீவல்கள் டைனோசர்களின் பெயர்ப்பட்டியலிலேயே கை வைக்கின்றன. மண்டையோட்டுத் தகடுகள் ஒன்றோடொன்று மூடி இணைந்திருந்தால் வயதானது, இடைவெளி இருந்தால் இளையது என்று காலம்காலமாகக் கணக்குப் போட்டுவந்தார்கள். 2016-ல் பாய்யூல் குழு ஈமுக்களையும் அமெரிக்க முதலைகளையும் வயதுவாரியாக எடுத்துப் பார்த்தது. ஈமுவில் கணக்குச் சரியாக வந்தது. முதலையிலோ வயதாக ஆக அந்த இடைவெளிகள் அகலமாகின்றன! அப்படியானால் பழைய புத்தகங்களில் 'இளையது', 'முதியது' என்று எழுதிவைத்த எத்தனை டைனோசர்களுக்கு வயது தப்பாகப் போட்டிருக்கிறதோ? டிராகோரெக்ஸ் என்று ஹாரி பாட்டரின் ஹாக்வர்ட்ஸ் பள்ளியை நினைவூட்டும் பெயர் சூட்டிக் கொண்டாடிய டைனோசர்கூட, பேக்கிசெஃபலோசாரஸ் என்ற இனத்தின் சிறுவயது உருவம்தான் என்று 2009-ல் ஹார்னரும் குட்வினும் எழுதினார்கள். பெயர் வைத்தவர்களுக்கு மட்டுமல்ல, பெயரை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கும் அது வருத்தம்தான்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். மற்ற மாதங்களில் பனி, அல்லது ஆளைத் தள்ளும் காற்று. மாநிலம் முழுக்க 14 இடங்களை இணைத்து 'டைனோசர் பாதை' என்று ஒரு சுற்றுலாத் தடம் வைத்திருக்கிறார்கள். ஒரு சின்னக் கையேடு வாங்கிக்கொண்டால் ஒவ்வோர் இடத்திலும் முத்திரை குத்தித் தருவார்கள். பிள்ளைகளுக்கு அதற்காகவே அடுத்த ஊருக்குப் போகத் தோன்றும். பைனத்தில் இருக்கும் மொன்டானா டைனோசர் மையம், மேரியன் எடுத்த குட்டி எலும்புகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. கோடையில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தி, ஆய்வாளர்களோடு மண்ணில் குந்தித் தோண்டலாம்.

தோண்டும் இடத்தில் முட்டை ஓட்டுத் துண்டுகள் நகக்கண் அளவில் கருப்பாகக் கிடக்கும். கையில் எடுத்துப் பார்க்க ஆசையாக இருக்கும். வழிகாட்டி அனுமதித்தால் பார்க்கலாம். பையில் போட முடியாது. கூட்டரசின் நிலத்தில் முதுகெலும்பு விலங்குகளின் புதைபடிவத்தை உரிமம் இல்லாமல் எடுப்பது குற்றம் என்று 2009-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. பிளாக்ஃபீட் மக்களின் நிலத்தில் அவர்களுடைய அனுமதி வேண்டும். தனியார் பண்ணை என்றால் நிலத்துக்காரரே எலும்புக்கும் சொந்தக்காரர். எனவே எடுத்த துண்டை, எடுத்த இடத்திலேயே, கிடந்த பக்கம் மாறாமல் திரும்ப வைத்துவிட்டு நகர வேண்டும். ஓட்டின் எந்தப் பக்கம் மேலே பார்த்துக் கிடந்தது என்பதைக்கூட அங்கே ஒருவர் நோட்டுப்புத்தகத்தில் குறித்துக்கொண்டிருப்பார்.